வலப்பக்கம் தைத்த வேதபாடம்

சுக்ராவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட வேகம். இரண்டில் எதனால் தொல்லை அதிகம் என்று கேட்டால், அவள் கணவர் ஜமீர் அகமது யோசிக்காமல் வாய் என்பார். சுக்ராவும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு, "இல்லப்பா, கைதான்" என்று மாற்றிக்கொண்டாள்.

ஓசூரில் பாகலூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் ஜமீரின் அச்சகம். அச்சகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கீழே ஒரு மெஷின், தாள் வெட்ட ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், எப்போதும் மை வாசனை. மேலே வீடு. வீட்டில் ஜன்னலோரம் ஒரு பலகை, குத்தூசி, பெரிய ஊசி, மெழுகு தடவிய நூல்கண்டு. அதுதான் சுக்ராவின் ராஜ்ஜியம். வேப்பனப்பள்ளியில் மாங்காய் மண்டி வைத்திருந்தவரின் மகள் அவள். பத்தாவது வரை தமிழில் படித்தவள். கல்யாணமாகி வந்த முதல் வருஷமே, புத்தகம் தைத்துக்கொண்டிருந்த ஆள் சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். ஜமீர் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, "இதென்ன பெரிய வித்தையா, நான் தைக்கறன்" என்று ஊசியை எடுத்தாள். இருபத்துமூன்று வருஷமாகிறது, இன்னும் கீழே வைக்கவில்லை.

அவள் தைப்பது பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று, கடைக்காரர்களின் பில் புத்தகம். அதை மேல்பக்கம் தைத்தால் முடிந்தது. மற்றொன்று, மதரஸாவில் பிள்ளைகள் அரபி எழுத்துப் படிக்கும் முதல் புத்தகம். கிருஷ்ணகிரியிலிருந்தும் எல்லை தாண்டிக் கர்நாடகத்திலிருந்தும் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கில் வரும். அரபி வலமிருந்து இடமாகப் போகிற எழுத்து. அதனால் புத்தகத்தையும் வலப்பக்கம் தைக்க வேண்டும். தமிழ்ப் புத்தகம் இடப்பக்கம். ஆனால் தமிழ்ப் புத்தக வேலை வந்தால் கீழேயே மெஷினில் பின் அடித்து அனுப்பிவிடுவார் ஜமீர். மாடிக்கு வராது. இருபத்துமூன்று வருஷத்தில் சுக்ராவின் கை பழகியதெல்லாம் வலப்பக்கம்தான்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. எந்த வேலையானாலும் அதில் ஒன்றை எடுத்துத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்வாள். "என்னாத்துக்கு இந்தக் குப்பை?" என்று ஜமீர் கேட்டால், "உங்க மெஷினுக்கு ஞாபகம் இருக்காது, எனக்கு இருக்கும்" என்பாள். அந்தப் பழக்கம் மட்டும் இல்லாமல் போயிருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் பாட்டுக்கு வீட்டில் பிரியாணி கிளறிக்கொண்டிருந்திருப்பாள்.

ராஜாத்தி வந்தது ஜூன் மாதம். சுக்ராவின் மகள் ஸோயா சிப்காட்டில் வேலை பார்க்கும் கம்பெனியில் ராஜாத்தி தரம் பார்க்கிறவள். லைனில் வருகிற உதிரிபாகத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், கெட்டது அந்தப் பக்கம் என்று தள்ளுகிற வேலை. மத்தூர்க்காரி. வாரத்தில் ஆறு நாள் கம்பெனி, ஏழாம் நாள் மூக்கண்டப்பள்ளிப் பக்கம் ஒரு சின்ன சபையில் பெரியவர்களுக்கு வேதபாட வகுப்பு. அந்த சபையில் காலையில் தமிழ் ஆராதனை, அடுத்து தெலுங்கு, அதற்கடுத்து கன்னடம். ஊர் எப்படியோ சபையும் அப்படி.

"அக்கா, பத்து வருசமா போர்டுலயே எழுதி எழுதி அழிக்கறன். இப்பதான் புக்காப் போட சபையில ஒத்துக்கிட்டாங்க" என்று ஒரு கத்தைத் தாளை நீட்டினாள் ராஜாத்தி. பன்னிரண்டு பாடம். வேதாகமம் என்றால் என்ன என்று தொடங்கி, அது எந்தெந்த மொழியில் எழுதப்பட்டது, இயேசுவின் காலத்து ஊர் எப்படி இருந்தது, முதல் சபைகள் எப்படிக் கூடின, விசுவாசப் பிரமாணம் என்று ஞாயிறுதோறும் சொல்கிறோமே அது எதற்காக எழுதப்பட்டது, திரித்துவம் என்றால் என்ன, தரங்கம்பாடியில் தமிழ் வேதாகமம் அச்சேறியது எப்படி என்று போய், கடைசிப் பாடம் 'நம் ஊர்ச் சபை'யில் முடிகிறது. நாற்பத்தெட்டு பக்கம். கம்பெனியில் எந்தப் படிவமானாலும் ஓரத்தில் குறிப்பு எழுத இடம் விடுவார்கள். அந்தப் பழக்கத்தில் இவளும் ஒவ்வொரு பக்கத்திலும் இரண்டு ஓரமும் தாராளமாக விட்டிருந்தாள்.

"பின் அடிச்சாத் துரு ஏறிடும். எங்காளுங்க பேண்ட் பாக்கெட்டுல மடிச்சு வச்சுக்கினு ஷிஃப்டுக்குப் போவாங்க. நூல்ல தச்சுக் குடுங்கக்கா. அப்படியே நீங்களும் ஒரு தடவ படிச்சுப் பாருங்க. புதுசா வர்றவங்களுக்காக எழுதனது. உங்களுக்குப் புரிஞ்சா எல்லாருக்கும் புரியும்."

"அப்ப என்னைய மக்குன்னு சொல்ற?" என்றாள் சுக்ரா.

"அய்யோ அக்கா!"

"சும்மா சொன்னன், போ. படிச்சுப் பாத்துச் சொல்றன்."

போகும்போது ராஜாத்தி தயங்கி நின்று ஒன்று சொன்னாள். சபைக் கமிட்டியில் வெங்கடசாமி என்று ஒரு பெரியவர். பெயர்தான் வெங்கடசாமி, அம்மா காலத்திலிருந்தே கிறிஸ்தவக் குடும்பம், வீட்டில் தெலுங்கு. வேலையை பெங்களூரில் கிறிஸ்தவ அச்சகம் ஒன்றில் கொடுக்க வேண்டும் என்று அவர் பிடித்த பிடியில் நின்றாராம். வேதத்தைப் பற்றிய புத்தகம், வேற மதத்துக்காரங்களுக்கு அதன் அருமை எப்படித் தெரியும் என்று கேட்டாராம்.

"நான்தான் சொன்னன், அந்தக்கா கையில குடுத்தா ஒரு தப்பும் வராது, அதுக்கு நான் பொறுப்புன்னு."

சுக்ராவுக்கு அந்தப் பெரியவர் மேல் கோபம் வந்தது. ராஜாத்தி மேல் பிரியம் வந்தது. இரண்டையும் சேர்த்து, "அவரு மூக்கு மேல வெரல வைக்கற மாதிரி தச்சுத் தர்றன், பாரு" என்றாள். வைக்கத்தான் போகிறார் என்று அவளுக்கு அப்போது எப்படித் தெரியும்?

பள்ளி திறக்கிற மாதம். மதரஸா புத்தகம் எழுநூறு தைத்து முடித்த கையோடு, அதே பலகையில், அதே ஊசியில், வேதபாடம் நூற்றிருபதையும் எடுத்து வைத்தாள். பிஸ்மில்லா சொல்லி முதல் துளையைக் குத்தினாள். ஸோயா பக்கத்தில் உட்கார்ந்து கம்பெனிக் கதையெல்லாம் சொல்ல, இவள் கேட்டுக்கொண்டே தைத்தாள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் மேலும் கீழும் ஒரு வெறுந்தாள் வைத்து, தலைப்பக்கம் எது என்று தெரியப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கீழே அனுப்பினாள். அட்டை ஒட்டினது ஜமீர். மேலே வெறுந்தாள்தான் தெரிந்தது. கோடு மேலே வர வேண்டும், தையல் இடப்பக்க முதுகுக்குள் போக வேண்டும், அவருக்கு அவ்வளவுதான் கணக்கு. அட்டை பார்க்க லட்சணமாக இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் ராஜாத்தி ஆட்டோ வைத்து வந்து கட்டுக்கட்டாக ஏற்றிக்கொண்டு போனாள். படித்துப் பார்க்கிறேன் என்று சொன்னதை அவசரத்தில் சுக்ரா சுத்தமாக மறந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜமீர் ஒரு நிச்சயதார்த்தத்துக்காக வேப்பனப்பள்ளி போயிருந்தார். ஸோயா தூங்கிக்கொண்டிருந்தாள். டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்த சுக்ராவுக்குச் சொன்ன சொல் ஞாபகம் வந்தது. இரும்புப் பெட்டியிலிருந்து தன் பிரதியை எடுத்துத் திறந்தாள்.

பக்கம் நாற்பத்தெட்டு.

சரி, தவறிப் போய்ப் பின்னாலிருந்து திறந்துவிட்டோம் என்று மூடி, அட்டையைப் பார்த்தாள். 'முதல் படி' என்ற தலைப்பு பளிச்சென்று முன்னாலேயே இருந்தது. திறந்தாள். பக்கம் நாற்பத்தெட்டு. புரட்டினாள். நாற்பத்தேழு. புரட்டினாள். நாற்பத்தாறு. கடைசி ஏட்டுக்குப் போய்ப் பார்த்தாள். அங்கே 'பாடம் ஒன்று' சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

"யா அல்லாஹ்! வலப்பக்கம் தச்சுத் தொலைச்சிருக்கன்!"

டீ ஆறிப்போனது. ஜமீருக்குப் போன் அடித்தாள். அவர், "அட்டை ஒட்டறப்ப நானாச்சும் பிரிச்சுப் பாத்திருக்கணும்" என்றார். எப்போதும் குற்றம் சொல்ல வரிந்து கட்டுகிற மனுஷன் இப்படிச் சொன்னது அவளை இன்னும் பயமுறுத்தியது. ராஜாத்தியின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மணி பத்தடிக்கப் போகிறது. பத்தரைக்கு வகுப்பு.

உண்மையைச் சொன்னால், தப்பை விட அதற்கு மற்றவர்கள் வைக்கப்போகும் பெயர்தான் அவளைக் குடைந்தது. அவசரத்தில் செய்தாள் என்றா சொல்வார்கள்? வேண்டுமென்றே செய்தாள் என்பார்கள். வேற மதத்துக்காரி கையில் கொடுத்தால் இப்படித்தான், நம்ம வேதத்தைத் தலைகீழாக்கிக் கொடுத்துவிட்டாள் என்பார்கள். அந்தப் பேச்சு சபையோடு நிற்குமா? கம்பெனி பஸ்ஸில் ஏறும், லைனில் ஸோயா காது வரைக்கும் வரும். ராஜாத்தியோ பொறுப்பு என்று வேறு சொல்லியிருக்கிறாள். பத்து வருஷம் எழுதி அழித்து எழுதியவள். அவள் முகத்தில் எப்படி முழிப்பது? சுக்ராவுக்கு அழுகை வந்தது. அழுதால் நேரம்தான் போகும் என்று ஊசி, நூல்கண்டு, குத்தூசி, கத்தி எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப்போட்டு, புர்காவை மாட்டிக்கொண்டு ஷேர் ஆட்டோ பிடித்தாள்.

சபைக் காம்பவுண்டுக்குள் அவள் அதற்கு முன் காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே தெலுங்குப் பாட்டு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நூறு ஜோடிச் செருப்பு. கேட்டருகே நின்ற ஒரு பெண், "யாரப் பாக்கணும்மா?" என்றாள்.

"ராஜாத்தி டீச்சர. புக்கு தச்சவ வந்திருக்கன்னு சொல்லுங்க."

"பின்னால ஷெட்டுல கிளாஸ் ஆரம்பிச்சுட்டாங்க, போங்க."

ஆரம்பித்துவிட்டார்கள். சுக்ரா ஓட்டமும் நடையுமாகப் போனாள். தகரக் கூரை போட்ட ஷெட். நாற்பது பேர் இருக்கும். நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனிச் சட்டையோடு வந்தவர்கள், மடியில் குழந்தையோடு பெண்கள், பெயிண்ட் வேலைக்காரர்கள். எல்லார் கையிலும் அவள் தைத்த புத்தகம். முன்னால் கறுத்துத் தடித்த ஒரு பெரியவர், புத்தகத்தைச் சுருட்டிப் பிடித்து அதாலேயே மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லாமலே தெரிந்தது, இவர்தான் வெங்கடசாமி.

"என்னா ராஜாத்தி இது? தொறந்ததும் கடைசிப் பாடம்! பின்னால போனா மொதப் பாடம்! நான் அன்னிக்கே தலபாடா அடிச்சிக்கினன், பெங்களூர்ல குடுங்கன்னு. யாரு கேட்டீங்க? வேதத்த இப்படித் தலகீழாக் கட்டிக் குடுத்திருக்காங்களே, இது தெரியாமப் பண்ணதா, தெரிஞ்சு பண்ணதா?"

ராஜாத்தி கையில் சாக்பீசோடு முகம் சுண்டிப்போய் நின்றாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சுக்ராவுக்குப் பயமெல்லாம் எங்கோ போய்விட்டது. நீளமான வாய் என்று சொன்னேன் அல்லவா, அது அப்போது உதவிக்கு வந்தது.

"தெரியாமப் பண்ணதுங்கய்யா" என்றாள் வாசலில் நின்றபடி. நாற்பது தலை திரும்பியது. "நான்தான் தச்சன். டீச்சர் மேல ஒரு தப்பும் இல்ல. இருவத்திமூணு வருசமா அரபிப் புக்குதான் தைக்கறன். அது வலது பக்கம் தைக்கறது. எழுநூறு தச்ச கையோட இதையும் தச்சுட்டன். கை அதும்பாட்டுக்குப் போயிடுச்சு. உங்க வேதத்த அவமானம் பண்ணணும்னு நெனச்சிருந்தா, நான் புடிக்கற ஊசி என் கையிலயே ஏறட்டும். மதரஸாப் புள்ளைங்க புக்குக்கு என்னா சொல்லித் தொட்டனோ, அதையேதான் சொல்லி இதையும் தொட்டன். எல்லாத்தையும் குடுங்க, பிரிச்சுத் திருப்பித் தச்சுக் குடுக்கறன். எத்தினி நாள் ஆனாலும் சரி."

சொல்லி முடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். வெங்கடசாமி மேசையைத் தட்டுவதை நிறுத்தினார். இப்படி ஆளே நேரில் வந்து நிற்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

ராஜாத்தி மேசைமேலிருந்த கட்டைப் பிரித்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். பார்த்தாள். இன்னொன்றை எடுத்தாள். இன்னொன்றை. லைனில் உதிரிபாகம் பார்க்கிற மாதிரி தலைப்பக்கம், முதுகு, தையல் என்று ஒவ்வொன்றாகத் தடவினாள். அப்புறம் அவள் உதட்டோரம் துடித்தது.

"ஒண்ணுகூட மாறலியேக்கா" என்றாள். "நூத்திருவதும் ஒரே மாதிரி தப்பு. எங்க லைன்ல இந்த மாதிரி ஒரே சீரா வந்தா தப்புன்னே எழுத மாட்டோம். டிராயிங்கதான் மாத்தி வரைஞ்சிருக்காங்கன்னு சொல்லுவோம்."

யாரோ கிளுக்கென்று சிரித்தார்கள். ராஜாத்தி சாக்பீசைக் கீழே வைத்துவிட்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினாள். குரலில் தெம்பு வந்திருந்தது.

"எல்லாரும் புக்க மூடுங்க. இப்ப திருப்பிக் கவுத்து வைங்க. பின்னட்டை மேல வரட்டும். ம்... இப்ப வலது பக்கமா தொறங்க. அந்த அட்டைய இல்ல அண்ணா, இப்ப மேல இருக்கற அட்டைய. ஆச்சா? மொதப் பாடம் வருதா?"

"வருது டீச்சர்!"

"ரெண்டாவது பாடத்துக்குப் போங்க. ஐயா, நீங்களே படிங்க."

வெங்கடசாமி மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, வேண்டா வெறுப்பாகப் படித்தார். "பழைய ஏற்பாட்டின் பெரும்பகுதி எபிரேய மொழியில் எழுதப்பட்டது. அந்த மொழி வலமிருந்து இடமாக எழுதப்படும். எனவே நமக்குக் கடைசிப் பக்கமாகத் தோன்றுவதே அவர்களுக்கு முதல் பக்கம்." படித்துவிட்டு நிறுத்தினார். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தார். எழுத்தைப் பார்த்தார். சுக்ராவைப் பார்த்தார். அவரையும் அறியாமல் விரல் மூக்கு மேல் போனது.

"இந்த ஒரு வரிய பத்து வருசமா சொல்றன்" என்றாள் ராஜாத்தி. "ஒருத்தருக்கும் மண்டையில ஏறல. 'அதெப்படி டீச்சர் பின்னாலருந்து படிப்பாங்க'ன்னுதான் கேட்டாங்க. இப்ப உங்க கையிலயே இருக்குது. நாசரேத்துல இயேசுநாதர் ஜெப ஆலயத்துல எழுந்து ஏசாயா சுருளை வாங்கிப் படிச்சாரே, அதுவும் இந்தப் பக்கத்துலருந்துதான் விரியும்."

ஷெட் முழுக்கப் புத்தகத்தை இப்படியும் அப்படியும் திருப்புகிற சத்தம். ஒரு கம்பெனிச் சட்டைக்காரர், "அப்ப அன்னிக்கு இருந்த புக்கு இப்படித்தானா?" என்று வாய்விட்டுக் கேட்டார். கன்னடக்காரர் ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல, அங்கே ஒரு சிரிப்பு தாமதமாக எழுந்தது. சுக்ராவுக்கு அப்பாடா என்று இருந்தது. நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த மூட்டையை யாரோ ஒரு கை பிடித்து இறக்கின மாதிரி இருந்தது. ஒரு பெண் தன் நாற்காலியைக் காலி செய்து, "உக்காருங்கக்கா, எத்தினி நேரம் நிப்பீங்க" என்றாள். சுக்ரா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இருந்தாலும் திருப்பித் தச்சுத்தான் குடுப்பன்" என்றாள் பிடிவாதமாக. "இல்லன்னா எனக்குச் சோறு எறங்காது."

"கிளாஸ் முடியட்டும்க்கா. அதுக்கப்புறம் எல்லாம் எடுத்துக்கினு போங்க."

அப்படியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக சுக்ரா ஒரு வேதபாட வகுப்பில் உட்கார்ந்து கேட்டாள். ராஜாத்தி சொன்னதில் பாதி அவளுக்குப் புரிந்தது. திரித்துவம் என்று ஒரு இடம் வந்தபோது புரியவில்லை, மற்றவர்களுக்கும் புரிந்த மாதிரி தெரியவில்லை. ராஜாத்தியே, "அதுக்கு ஆறாவது பாடம் இருக்குது, இப்ப வேணாம்" என்று தாண்டிப் போனாள். ஆனால் ஒரு சங்கதி சுக்ராவைப் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் எல்லாரும் நீளச் சுருளாகத்தான் எழுதி வைத்திருந்தார்களாம். ஏடு ஏடாக மடித்துத் தைத்த புத்தகத்தை விரும்பி எடுத்துக்கொண்டவர்களில் முதல் சபைக்காரர்கள் முக்கியமானவர்களாம். எடுத்துப்போக வசதி, தேடுகிற இடத்தைச் சட்டென்று திறக்க வசதி.

"அப்ப அன்னிக்கும் ஒருத்தங்க உக்காந்து தச்சிருப்பாங்க இல்ல?" என்று கேட்டேவிட்டாள்.

"தச்சிருப்பாங்கக்கா. தைக்காம எப்படி?"

"அவங்க பேரு?"

ராஜாத்தி யோசித்தாள். "எழுதினவங்க பேரு இருக்குது. தச்சவங்க பேரு எங்கியும் இல்லக்கா."

"இருக்காது" என்றாள் சுக்ரா. "தப்பாத் தச்சிருந்தா இருந்திருக்கும்."

இந்தத் தடவை வகுப்பே சிரித்தது. வெங்கடசாமி மட்டும் சிரிக்கவில்லை. தலை குனிந்து புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சுக்ராவின் கண் அடிக்கடி அந்தப் பக்கம் போனது. நாற்பது பேர் சிரித்து என்ன, அந்த ஒருவர் முகம் இறுகி இருந்தால் நாளைக்குக் கமிட்டியில் ராஜாத்திதானே பதில் சொல்ல வேண்டும்?

வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து புத்தகத்தை அவள் பையில் போட்டார்கள். "அவசரமில்லக்கா" என்றார்கள். "அடுத்த வாரம் குடுத்தாப் போதும்." மீதிக் கட்டுகளை ராஜாத்தியே அதில் எடுத்து அடுக்கினாள். எல்லாம் சேர்ந்துவிட்டது, ஒன்றைத் தவிர. வெங்கடசாமி தராமலே வெளியே போய்விட்டிருந்தார்.

தண்ணீர்த் தொட்டி பக்கம் தன் ஸ்கூட்டர் மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். கண்ணாடி இன்னும் மூக்கில்தான் இருந்தது. சுக்ரா தயங்கித் தயங்கிக் கிட்டே போனாள்.

"ஐயா, உங்க புக்கு..."

அவர் நிமிரவில்லை. "உள்ள கத்திட்டன். மனசுல வச்சுக்காதம்மா" என்றார். குரலில் அந்தப் பழைய மேசைத் தட்டல் இல்லை.

"அய்ய, நான் பண்ணதுக்குக் கத்தாம என்னா பண்ணுவீங்க. குடுங்கய்யா, உங்களுத மொதல்ல தச்சுடறன்."

அவர் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். கொடுக்கவில்லை, காட்டினார். அட்டையைத் திறந்ததும் வருகிற முதல் விரிப்பு. அவள் காலையில் பதறிப் பதறிப் புரட்டின அதே பக்கங்கள். அவர் விரல் ஒரு இடத்தில் நின்றது. சுக்ரா குனிந்து படித்தாள். 'இங்கே கம்பெனிகள் வருவதற்கு முன், ஒரு மாட்டுக் கொட்டகையில் ஐந்து பேர் கூடி ஜெபித்தார்கள். நம் சபையின் தொடக்கம் அதுதான். வாரம் தவறாமல் விளக்குக்கு எண்ணெய் கொண்டுவந்தவர் நாராயணம்மா.'

"எங்கம்மா" என்றார் வெங்கடசாமி.

சுக்ரா புத்தகத்துக்காக நீட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"எழுதப் படிக்கத் தெரியாது அம்மாவுக்கு. கூலி வேலை. அந்த எண்ணெய்க்கு அது எப்படிக் காசு புடிச்சுதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார். "இந்தப் பொண்ணு இத எங்கருந்து புடிச்சு எழுதிச்சோ. கமிட்டியில இந்தக் காகிதத்த என்கிட்டயும்தான் குடுத்தாங்க. ரெண்டு பக்கம் பொரட்டிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டன். இந்தக் கிளாஸுல மூணு தடவ சேந்திருக்கன்மா. மூணு தடவையும் மூணாவது பாடத்தோட நின்னுட்டன். நீ நேராத் தச்சிருந்தா நான் எங்க இந்தப் பக்கத்துக்கு வந்து சேரப் போறன்?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைக்க அதில் தூசு ஒன்றும் இல்லை. சுக்ராவுக்கும் கண் கலங்கியது. காலையிலிருந்து அழக் காத்திருந்த அழுகை, இப்போது வேறு காரணத்துக்காக வந்து நின்றது. பயந்து பயந்து வந்த இடத்தில் இப்படி ஒன்று நடக்கும் என்று யார் கண்டார்கள்?

"அப்ப உங்களுத மட்டும் விட்டுடறன்யா" என்றாள்.

"நூலு கீலு அவுந்து போவாதே?"

"என் கையால முடிச்சுப் போட்டது. உங்க பேரப் புள்ளைங்க கிழிச்சாக்கூட தாள்தான் கிழியும், தையல் போவாது."

அவர் புத்தகத்தை மடிக்காமல், சட்டைக்குள் நெஞ்சோடு செருகிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். கொஞ்ச தூரம் போய் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்.

"ஏம்மா! டிசம்பர்ல பாட்டுப் புக்கு போடறோம். கமிட்டியில சொல்றன், உன்கிட்டயே குடுக்கச் சொல்லி." அப்புறம் விரலை நீட்டி, "ஆனா அத நேராத் தைக்கணும், ஆமா!" என்றார்.

ராஜாத்தி பையின் மறுகாதைப் பிடித்துக்கொள்ள, இருவருமாகக் கேட்டை நோக்கி நடந்தார்கள். பை நல்ல கனம். வீட்டுக்குப் போய் எல்லாத் தையலையும் அறுத்து, எல்லாவற்றையும் புதிதாக இடப்பக்கம் தைக்க வேண்டும். நாலு நாள் வேலை, முதுகு ஒடிந்துவிடும். ஆனாலும் சுக்ராவுக்குப் பசித்தது. காலையிலிருந்து ஒரு வாய் டீகூட உள்ளே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"டீச்சர், வீட்டுக்கு வா. பிரியாணி செய்யறன்" என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லிட்டன், இரும்புப் பெட்டியில இருக்கற என் புக்க நான் பிரிக்கப் போறதில்ல. எழுதினவங்க பேரு அதுல இருக்குது. தச்சது யாருன்னு அந்த வலப்பக்கத் தையலப் பாத்தாலே தெரியும்."